இறந்தகாலம் கற்கிற வாரம்



வெளிநாட்டில் தங்கி ஸ்பானிய மொழி படிப்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். மாணவர்களோடு பெற்றோர்களும் வந்திருப்பதால் அவர்கள் மனத்தில் இருக்கும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஊரிலேயே வகுப்பு நடக்கிறது, கைப்பேசியைத் திறந்தால் பாடம் ஓடுகிறது. பிறகு எதற்கு லட்சக்கணக்கில் செலவழித்துக் கடல் கடந்து போக வேண்டும்? நியாயமான கேள்வி. இலக்கணத்துக்காகப் போவதாக இருந்தால் போகவே வேண்டாம். வினைத்திரிபு அட்டவணையை மனப்பாடம் செய்ய மாம்பலம் போதும், மதுரை போதும். அந்த வேலையை இங்கே முடித்துவிட்டுப் போகிறவருக்குத்தான் அங்கே போன பயன் கிடைக்கும். போக வேண்டியது மனிதர்களுக்காக. ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றி உங்களிடம் எவ்வளவு சொல்வார் என்பது, அவர் மொழி உங்களுக்கு எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இலக்கணத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தியை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் வழியாகப் படிப்பதால்தான் ஸ்பானியம் நமக்கு இவ்வளவு தூரத்தில் தெரிகிறது. தமிழ் வழியாகப் போனால் பாதி தூரம் குறையும். நாம் 'பேசுகிறேன்' என்று சொன்னால் 'நான்' தேவையில்லை. அவர்கள் 'ஆப்லோ' என்று சொன்னாலும் அப்படியே. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதில் விரும்புகிற ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார் அல்லவா? ஸ்பானியத்திலும் அவர் அதே இடத்தில்தான் நிற்கிறார். ஆங்கிலம் பேசுகிற மாணவர்கள் வாரக்கணக்கில் தடுமாறும் இடம் அது. 'அது' என்று சொல்லும்போது நடுவில் வரும் தகரம் மென்மையாகிறதே, அதே மென்மை அவர்கள் பேச்சிலும் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும். ரகரத்தையும் றகரத்தையும் இன்றும் பிரித்துச் சொல்கிற நாகர்கோவில்காரருக்கு அவர்களுடைய இரண்டு ரகரங்களும் சிரமமே தராது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரில்லாப் பொருளுக்கெல்லாம் பால் பிரிப்பதும், ஆசையையும் ஐயத்தையும் சொல்ல வினையைத் தனியாகத் திரிப்பதும் நமக்குப் புதிது. உழைத்தால் அதுவும் வரும்.

எங்கே போவது? ஸ்பானியம் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்சிமொழி. தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 50 கோடிப் பேர். ஆனாலும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்பெயின்தான். ஸ்பெயினுக்குள் முதலில் வருவது பெரும்பாலும் சலமான்கா. 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இன்றும் நடக்கிறது. பொன்னிறக் கல்லில் செதுக்கிய அதன் முகப்பில் ஒரு மண்டையோட்டின் மேல் ஒரு தவளை உட்கார்ந்திருக்கும். யாரும் காட்டிக் கொடுக்காமல் தானே அதைக் கண்டுபிடிக்கிற மாணவன் தேர்வில் தேறுவான் என்பது நம்பிக்கை. முறையான கற்பித்தல், நல்ல நூலகம், 'தெலே' என்ற ஸ்பானிய மொழித் தேர்வுக்கு ஒழுங்கான தயாரிப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். சான்றிதழ் தேவைப்படுகிறவர் தயங்காமல் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டு மாணவர்கள் அங்கே அவ்வளவு பேர் இருக்கிறார்கள். காலையில் ஸ்பானிய வகுப்பு, மாலை முழுவதும் ஆங்கில நட்பு என்று ஒரு வருடத்தைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

நான் இன்று விரிவாகப் பேச விரும்புவது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆன்டிகுவா என்ற ஊரைப் பற்றி. நான் படித்த ஊர் அது. மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1543-இல் எழுந்த இந்த ஊர் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்பானியர்களின் தலைநகராக இருந்தது. 1773-இல் வந்த நிலநடுக்கம் அதைச் சாய்த்துப் போட்டது. தலைநகரை இப்போதைய குவாத்தமாலா நகரத்துக்கு மாற்றினார்கள். கூரையில்லாத தேவாலயங்களும் பிளந்த தூண்களும் இன்றும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. ஊரைச் சுற்றி மூன்று எரிமலைகள். அவற்றில் ஃபுவேகோ இன்னும் அடங்கவில்லை; வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே அதன் உச்சியில் புகை எழுவதைப் பார்க்கலாம். 2018 ஜூன் 3 அன்று அது வெடித்தபோது மலையடிவாரத்துக் கிராமங்கள் சாம்பலுக்குள் போயின.

இந்தச் சின்ன ஊரில் ஸ்பானியப் பள்ளிகள் ஏராளம். அவற்றின் முறை எளிமையானது: ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் சின்னச் சின்ன மேசைகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு நாற்காலிகள், ஒரு நோட்டு, ஒரு பேனா. காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை எழ முடியாது. நடுவில் காபிக்கு மட்டும் இடைவெளி. நாற்பது பேர் வகுப்பில் பின்பெஞ்சில் ஒளிந்து பழகிய நமக்கு இது கடினம். பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவரும் பேசாமல் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வேறு வழியில்லாமல் வாய் திறந்துவிடும்.

மதியம் வீட்டுக்குப் போக வேண்டும். விடுதிக்கு அல்ல, வீட்டுக்கு. பள்ளியே ஒரு குடும்பத்தோடு பேசி, அவர்கள் வீட்டில் ஓர் அறையும் சாப்பாடும் ஏற்பாடு செய்து தரும். என்னைக் கேட்டால் உண்மையான வகுப்பு இந்த வீட்டில்தான் நடக்கிறது. கருப்பு பீன்ஸ், முட்டை, வறுத்த நேந்திரம்பழம், துணியில் சுற்றி வைத்த சூடான மக்காச்சோளத் தோர்த்தியா ரொட்டி எல்லாம் மேசையில் இருக்கும். நான் இருந்த வீட்டில் சூப்பில் மிதந்த காயை முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டேன்: நம்முடைய சௌசௌ. அவர்கள் அதை 'குயிஸ்கில்' என்கிறார்கள். சௌசௌவுக்குப் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். மிளகாயும் தக்காளியும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே நமக்கு வந்தன. அந்த வீட்டு அம்மாவிடம் எங்கள் ஊரில் இதைக் கூட்டு வைப்போம் என்று சொல்லத் தொடங்கினேன். கடலைப்பருப்பை விளக்க எனக்கு வார்த்தை போதவில்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எதிரில் வந்து உட்கார்ந்தார். அன்று சமையலறையில் நான் கற்ற சொற்கள் எந்தப் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலும் இருக்காது: ஊறவை, வடிகட்டு, கிளறு, மூடு, அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்.

சாப்பிட்டு எழுகிறவர் மேசையில் இருக்கிற எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்பதும் அந்த வீட்டில் கற்றதுதான். சமைத்தவருக்கு மட்டும் சொன்னால் போதாது. கூட உட்கார்ந்து சாப்பிட்ட சின்னப் பையனுக்கும் அந்த நன்றி போய்ச் சேர வேண்டும். அவர்கள் எல்லோரும் ஒரே குரலில், சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்ற பொருளில் பதில் வாழ்த்துச் சொல்வார்கள். தெரு ஓரக் கடையில் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கடந்து போகும் அறிமுகமில்லாதவர்கூட அதைச் சொல்லிவிட்டுப் போவார். அதே போல மரியாதைச் சொற்கள். அங்கே ஒருவரை அழைக்க மூன்று நிலை இருக்கிறது. நண்பர்களுக்குள் ஒன்று, மரியாதைக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று. ஆனால் மரியாதைச் சொல்லைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அம்மா தன் பேரனையே மரியாதைச் சொல்லால்தான் அழைப்பார். கொங்கு நாட்டில் பிள்ளைகளிடம் 'வாங்க, சாப்பிடுங்க' என்று பேசுகிற வீடுகளை அறிந்தவர்களுக்கு இதில் இருக்கிற அன்பு உடனே புரியும். ஸ்பெயினில் பேராசிரியரையே ஒருமையில் அழைக்கிற மாணவர்களைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவருக்குப் புரியக் கொஞ்சம் நாளாகும்.

அந்த மக்காச்சோளத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். பண்பாட்டைப் புரிந்துகொள்வது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் சோளத்தை அப்படியே அரைக்க மாட்டார்கள். சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்து, பிறகுதான் மாவாக அரைப்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த நாடுகளின் பெண்கள் செய்துவரும் வேலை இது. சுண்ணாம்பு பட்டால்தான் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற சத்து உடம்பில் சேரும். ஸ்பானியர்கள் சோளத்தை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், சோளத்தையே முக்கிய உணவாக்கிக்கொண்ட ஏழைகளிடம் தோல் வெடித்து, புத்தி தடுமாறி, சாவில் முடிகிற ஒரு நோய் பரவியது. 1735-இல் வடக்கு ஸ்பெயினில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் அதை முதலில் விவரித்தார். பின்னாளில் அதற்குப் பெல்லக்ரா என்று பெயர் வந்தது. தானியத்தை எடுத்தவர்கள் அதைச் சமைத்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

இனி இந்த உரையின் தலைப்புக்கு வருகிறேன்.

அங்கே பாடத்திட்டம் பெரும்பாலும் நிகழ்காலத்தில் தொடங்கும். நிகழ்காலம் மட்டும் தெரிந்தவரிடம் யாரும் அதிகம் சொல்ல முடியாது. எனக்கு இரண்டு பிள்ளைகள், நான் சந்தைக்குப் போகிறேன், இன்று மழை. எல்லோரும் இனிமையாகத்தான் இருப்பார்கள். நாடு அழகாகத் தெரியும். எரிமலை, நெசவு, புனித வாரத்தில் வண்ண மரத்தூளால் தெருவில் விரிக்கும் கம்பளங்கள். அத்தோடு திரும்பிவிடுகிற பயணிகள் ஏராளம்.

சில வாரங்களில் இறந்தகாலம் வரும். ஸ்பானியத்தில் அது இரண்டு வகை. வழக்கமாக நடந்துகொண்டிருந்ததை, பின்னணியாக இருந்ததைச் சொல்ல ஒன்று. ஒரு நாள் நடந்து முடிந்ததைச் சொல்ல இன்னொன்று. இந்த வேறுபாட்டை விளக்க ஆசிரியர்கள் கதை சொல்வார்கள். என் ஆசிரியைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மலைக்கிராமத்துக்காரர். அதுவரை தன் குடும்பத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் மூன்று வாக்கியம்தான். அன்று நோட்டை என் பக்கமிருந்து தன் பக்கம் திருப்பி, தானே எழுதினார். என் அண்ணன் வயலில் வேலை செய்துவந்தான். கித்தார் வாசிப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைச் சந்தைக்குக் கூட்டிப்போவான். ஒரு நாள் சந்தைக்குப் போனான். திரும்பவில்லை. எழுதி முடித்து, முதல் மூன்று வாக்கியங்களின் வினைகளுக்கு ஒரு கோடும் கடைசி இரண்டுக்கு இரட்டைக் கோடும் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, எந்த ஆண்டு என்று மட்டும் சொன்னார்: 1982.

குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போர் 1960-இல் தொடங்கி 1996 டிசம்பரில் கையெழுத்தான அமைதி ஒப்பந்தம் வரை நீண்டது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் 2 லட்சத்துக்கும் மேல் என்று ஐக்கிய நாடுகளின் துணையோடு அமைந்த உண்மை ஆணையம் 1999-இல் கணக்கிட்டது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாயா இனத்தவர். கத்தோலிக்கத் திருச்சபை தானும் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியங்களைத் திரட்டியது. அந்த அறிக்கையை வெளியிட்ட ஆயர் ஹுவான் ஹெரார்தி இரண்டே நாளில், 1998 ஏப்ரல் 26 அன்று, அடித்துக் கொல்லப்பட்டார். இதையெல்லாம் நான் போவதற்கு முன்பே படித்திருந்தேன். ஆனால் ஒரு நோட்டுப் பக்கத்தில் கோடு போட்ட ஐந்து வினைகளாக அது என் முன்னால் வந்தபோது, நான் படிக்க வந்தது எந்த மொழி என்ற எண்ணமே மாறிப்போனது. இந்த அவையில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால், சுவரில் மாலை போடாமல் தொங்குகிற புகைப்படத்தைப் பற்றி நான் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போய்விட்டான் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறான் என்றும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு ஆசிரியையோடு என் பேச்சு வேறு விதமாக ஆனது. தன் தாய்மொழி ஸ்பானியம் அல்ல என்றும் அப்போதுதான் சொன்னார். பாட்டி பேசியது கக்சிக்கேல் என்ற மாயா மொழி. அம்மா பிள்ளைகளிடம் அதைப் பேசுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாராம், பள்ளியில் அடி வாங்கக் கூடாது என்று. குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் 22 இருக்கின்றன. 1524-இல் ஸ்பானியப் படைத்தலைவர் பேத்ரோ தெ அல்வராதோவின் படையோடு அங்கே வந்து இறங்கிய மொழி ஸ்பானியம். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன், கொலம்பஸ் கப்பலேறிய அதே 1492 ஆகஸ்டில், மொழியறிஞர் நெப்ரிஹா எழுதிய ஸ்பானிய இலக்கணம் சலமான்காவில் அச்சேறியது. மொழியும் பேரரசும் சேர்ந்தே நடக்கும் என்று அரசி இசபெல்லாவுக்கு அவர் அதன் முன்னுரையில் எடுத்துச் சொல்லியிருந்தார். நாம் கல்லூரியில் வாங்குகிற இலக்கணப் புத்தகத்துக்கு மூதாதை அந்த நூல். இதைத் தெரிந்துகொண்டு படிப்பதற்கும் தெரியாமல் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

ஆனால் வந்து இறங்கிய மொழி என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. ரிகோபெர்ட்டா மென்ச்சூ கிச்சே என்ற மாயா மொழி பேசி வளர்ந்தவர். ஸ்பானியத்தைப் பின்னர்தான் கற்றார். தன் மக்களுக்கு நடந்ததை உலகம் கேட்க அவர் சாட்சி சொன்னது அந்த ஸ்பானியத்தில்தான். 1983-இல் அது நூலாக வந்தது. 1992-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. வெவ்வேறு மாயா மொழிகளைப் பேசுகிறவர்கள் கூட்டம் கூடினால் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் பேசுவதும் ஸ்பானியமே. தங்களை ஒடுக்கியவர்களின் மொழியைத் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்ட மக்கள் அவர்கள்.

ஆன்டிகுவாவின் ஸ்பானியப் பள்ளிகளுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. குவாத்தமாலாவின் முதல் ஆயர் பிரான்சிஸ்கோ மர்ரோக்கின், பதினாறாம் நூற்றாண்டிலேயே மக்கள் மொழியைக் கற்றவர். அவர் பெயரில் ஆன்டிகுவாவில் ஒரு மொழித்திட்டம் தொடங்கினார்கள். அங்கே வெளிநாட்டவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்று ஸ்பானியம் கற்பித்தார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு, 1970களில், மாயா மொழி பேசும் இளைஞர்களுக்கு மொழியியல் பயிற்சி தந்தார்கள். டெரன்ஸ் காஃப்மன், நோரா இங்லண்ட் போன்ற மொழியியலாளர்கள் அங்கே பாடம் எடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் தங்கள் மொழிகளுக்கு அகராதிகளும் இலக்கணங்களும் எழுதினார்கள். 1990-இல் மாயா மொழிகளுக்கென்று சட்டப்படி ஓர் அகாதெமி அமைந்தது. 2003-இல் தேசிய மொழிகள் சட்டம் வந்தது. வெளிநாட்டு மாணவர்கள் ஸ்பானியம் படிக்கக் கட்டிய கட்டணத்தில் ஒரு பகுதி, அடிக்குப் பயந்து தாய்மார்கள் கைவிட்ட மொழிகளை ஏட்டில் ஏற்றப் பயன்பட்டிருக்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

போக நினைக்கிற மாணவர்களுக்குச் சில சொல்கிறேன். அடிப்படை இலக்கணத்தையும் இரண்டு இறந்தகாலங்களையும் இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். அங்கே ஏழு நாள் தங்கிவிட்டு அடுத்த ஊர், அடுத்த நாடு என்று பறக்காதீர்கள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் நாள்பட இருந்தால்தான் வாய் திறக்கும், எதிரில் இருப்பவரும் திறப்பார். இந்திய நண்பர்களோடு சேர்ந்து அறை எடுக்காதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், பீன்ஸும் சோளமும் காய்கறியும் தாராளம். ஆனால் பன்றிக்கொழுப்பு சேர்க்க வேண்டாம் என்று முதல் நாளே பணிவாகச் சொல்லிவிட வேண்டும். மாலையில் மூட்டைகளை மேலே வைத்துச் செல்லும் வண்ணப் பேருந்துகளில் ஏறிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போங்கள். ஒரு காலத்தில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஏறிய வண்டிகள் அவை. போரைப் பற்றி நீங்களாக யாரிடமும் கேட்காதீர்கள். அவர்கள் சொல்லும்போது குறிப்பேட்டைத் திறக்காதீர்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டிடத்தையும் படங்களையும் பார்க்காமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் கட்டுகிற பணத்தில் ஆசிரியருக்கு எவ்வளவு போகிறது? என்னை வைத்துச் சோறு போடுகிற வீட்டுக்கு எவ்வளவு போகிறது? மாணவர் வரத்துக் குறைகிற மாதங்களில் ஆசிரியருக்குச் சம்பளம் உண்டா? பெரும்பாலான ஆசிரியர்களுக்கு வகுப்பு நடந்தால்தான் கூலி. ஒளிக்காமல் கணக்குச் சொல்கிற பள்ளிகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். கேள்வியையும் ஸ்பானியத்திலேயே எழுதி அனுப்புங்கள்.